கால் ஆணி விடாமல் வருகிறதா? விரலைக் கொஞ்சம் பாருங்கள்

கால் ஆணி என்றால் பாதத்துக்கு அடியில் வருவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். விரலுக்கு மேல்பக்கம், நடு மூட்டின் உச்சியில் வருகிற ஆணியின் கதை வேறு. பெரும்பாலும் கட்டைவிரலுக்கு அடுத்த விரலில், அதாவது பெண்கள் மெட்டி போடுகிற விரலில் வரும். தோல் காய்த்துத் தடித்து மஞ்சளாக இருக்கும். செருப்புப் பட்டை அதில் பட்டால் சுரீர் என்று இழுக்கும். மருந்துக்கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுவோம். சிலர் பிளேடால் சீவுவார்கள். கிராமத்துப் பக்கம் எருக்கம்பால் வைப்பவர்களும் உண்டு. ஆணி போகும், கொஞ்ச நாளில் அதே இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கோளாறு தோலுக்குக் கீழே இருக்கும் மூட்டில் இருக்கிறது. விரல் நேராக நீளாமல் நடுவில் மடங்கி, அந்த முட்டி மேலே தூக்கி நிற்கிறது. செருப்பில் அது உரச உரச, உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளத் தோலைத் தடிமனாக்குகிறது. அவ்வளவுதான் ஆணி. முட்டி தூக்கியே இருக்கும்வரை ஆணியும் வந்துகொண்டேதான் இருக்கும். இப்படி மடங்கிய விரலை ஹேமர் டோ என்கிறார்கள். தமிழில் சுத்தியல் விரல் என்று எழுதுவதுண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் ஹேமர் டோ என்று சொன்னால்தான் சட்டென்று புரியும்.

இதில் ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும். விரல் கையால் பிடித்து இழுத்தால் நிமிர்கிற நிலையில் இருக்கும்வரை செருப்பை மாற்றி, பயிற்சி செய்து, பெரிய செலவில்லாமல் சமாளிக்கலாம். மூட்டு இறுகிப்போய்விட்டால் பயிற்சியால் அது நிமிராது. பிறகு விரலுக்கு ஏற்ற செருப்பைத் தேட வேண்டும், அல்லது ஆபரேஷனுக்குப் போக வேண்டும். ஆணியை மட்டும் வெட்டிக்கொண்டே இருப்பவர்கள் இழப்பது அந்த முதல் கட்டத்தைத்தான்.

விரல் ஏன் மடங்குகிறது? கட்டைவிரலில் இரண்டு எலும்பு. மற்ற விரல்களில் பொதுவாக மும்மூன்று. ஆகவே அடி மூட்டு, நடு மூட்டு, நுனி மூட்டு என்று மூன்று மூட்டுகள். விரலை மேலே தூக்கும் தசைநாண் புறங்கால் வழியாக வருகிறது, கீழே மடக்கும் தசைநாண் உள்ளங்கால் வழியாக வருகிறது. இரண்டுக்கும் உரிய பெரிய தசைகள் முழங்காலுக்குக் கீழே இருக்கின்றன. இவை போக, பாதத்துக்குள்ளேயே சின்னச் சின்னத் தசைகள் உண்டு. அடி மூட்டைத் தரையோடு படிய வைத்து, நடு மூட்டை நீட்டிப் பிடிப்பது இவற்றின் வேலை. பந்தக்காலை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துகிறோம் இல்லையா, ஒரு பக்கக் கயிறு தளர்ந்தால் கால் மறுபக்கம் சாயும். அதேதான் இங்கேயும். சின்னத் தசைகள் தளர்ந்தால் பெரிய நாண்கள் ஜெயித்துவிடும். அடி மூட்டு மேலே தூக்கும், நடு மூட்டு கீழே மடங்கும். வருடக் கணக்கில் அப்படியே இருந்தால் நாணும் மூட்டைச் சுற்றியுள்ள உறையும் சுருங்கி, விரல் அந்த நிலையிலேயே உறைந்துவிடும்.

இதன் பங்காளிகள் இரண்டு பேர். நுனி மூட்டு மட்டும் மடங்கியிருந்தால் மேலட் டோ. அடி மூட்டு தூக்கி, மற்ற இரண்டு மூட்டும் மடங்கி, விரல் தரையைக் கவ்வுவதாக இருந்தால் க்ளா டோ. இந்தக் கடைசி வகையைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. ஒரு விரல் மட்டும் மடங்கினால் பெரும்பாலும் செருப்பு அல்லது கால் அமைப்புதான் காரணம். ஆனால் இரண்டு காலிலும் எல்லா விரல்களும் சேர்ந்து மடங்கினால் நரம்புக் கோளாறாக இருக்கலாம். சர்க்கரை நோய், தொழுநோய், முதுகுத்தண்டுக் கோளாறு, பரம்பரையாக வரும் சில நரம்பு நோய்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அப்போது டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சரி, காரணங்களுக்கு வருவோம். முதல் குற்றவாளி முன்பக்கம் குறுகிய ஷூ. கூர்மையான முனை, உயரமான குதிகால் இரண்டும் சேர்ந்தால் பாதம் முன்னால் சறுக்கி, விரல்கள் போக இடமில்லாமல் மடங்கித்தான் ஆக வேண்டும். பெண்களிடம் இந்தத் தொந்தரவு அதிகம் இருப்பதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது, கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருப்பது. அப்படி விரல் உள்ள பெண் புருஷனை அடக்கிவிடுவாள் என்று பெண் பார்க்கப் போன இடத்தில் காலைப் பார்த்த கிழவிகள் நம் பக்கம் இருந்தார்கள். புருஷனை விடுங்கள், அளவு சின்னதான ஷூவில் முதலில் அடங்குவது அந்த விரல்தான். கட்டைவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்து, அதன் அடி மூட்டின் ஓரத்தில் எலும்பு புடைக்கிற பனியன் என்கிற கோளாறு இருந்தாலும் பக்கத்து விரலுக்கு இடமில்லாமல் போய் அது மேலே ஏறிக்கொள்ளும். முடக்குவாதம், பழைய அடி, தட்டைப் பாதம், உள்ளங்கால் வளைவு அதிகமுள்ள பாதம், வயது, குடும்பவாகு என்று இன்னும் சில காரணங்களும் உண்டு.

‘மதுரை வெயிலில் யார் ஷூ போடுகிறார்கள், நாங்கள் செருப்புதானே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். திறந்த செருப்பு விரலை நெருக்காது என்பது உண்மை. ஆனால் பின்பட்டை இல்லாத லொடலொட ரப்பர் செருப்பு காலைவிட்டு நழுவாமல் இருக்க, ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. வெளி வீதியில் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களின் காலைப் பின்னாலிருந்து பார்த்தால் தெரியும். நடையை விட்டு ஓட்டம் பிடித்த உடனேயே விரல் மடங்கும்.

வீட்டில் கிடக்கும் பழைய ரப்பர் செருப்பு ஒன்றைத் திருப்பாமல் மேலிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். குதிகால் குழியும், பாதப் பந்தின், அதாவது விரல்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ளங்காலில் இருக்கும் மேட்டின் குழியும் வழவழவென்று கறுத்திருக்கும். அதற்கு முன்னால் ஐந்து விரலின் தடம். சாதாரணமாக இந்தத் தடங்கள் நீள்வட்டமாக, மேலோட்டமாக இருக்கும். மடங்கத் தொடங்கிய விரலின் தடம் சின்னதாக, ஆழமாக, குத்தியதாகத் தெரியும். சிலர் செருப்பில் அந்த இடத்தில் ரப்பரே தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். விரலின் அடிப்பாகம் படியாமல் நுனி மட்டும் தரையைத் தாங்குவதால் வரும் தடம் அது. விரல் நுனியிலும் காய்ப்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வலி மூட்டில் மட்டும்தான் வரும் என்றில்லை. அடி மூட்டு மேலே தூக்கும்போது அதற்குப் பின்னால் உள்ள பாத எலும்பின் தலைப்பாகம் கீழே அழுந்துகிறது. அதனால் பாதப் பந்தில், மெட்டி விரலுக்கு நேர் கீழே, கூழாங்கல்லை மிதித்த வலி இருக்கும். நகம் தடித்துப்போவதும் உண்டு.

இனி சோதனை. ஸ்டூலில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் படிய வைத்து விரலைப் பாருங்கள். எழுந்து நின்று ஒரு தடவை பாருங்கள். நிற்கும்போது மடங்கல் கூடுதலாகத் தெரியலாம். பிறகு உட்கார்ந்து காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மடங்கிய விரலுக்கு நேர் பின்னால், உள்ளங்காலில் பாதப் பந்தைக் கைக் கட்டைவிரலால் புறங்கால் பக்கமாக அழுத்துங்கள். விரல் தானாக நிமிர்ந்தால் இன்னும் இளக்கம் இருக்கிறது என்று அர்த்தம். பாதி நிமிர்ந்து நின்றுவிட்டால் இறுகிக்கொண்டு வருகிறது. அசையவே இல்லை, கையால் இழுத்தாலும் வரவில்லை என்றால் மூட்டு இறுகிவிட்டது. டாக்டரும் முதலில் இதைத்தான் செய்வார். கூடவே எக்ஸ்ரே எடுத்து மூட்டின் நிலையைப் பார்ப்பார்.

இளக்கமான விரலுக்கு வைத்தியம் செருப்பில் தொடங்குகிறது. ஒரு வெள்ளைத் தாளில் நின்றுகொண்டு பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். உட்கார்ந்து போடக் கூடாது, எடை இறங்கும்போதுதான் பாதம் விரியும். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் ஷூவை அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். பாதத்தின் கோடு ஷூவுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் வீடுகள்தான் அதிகம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சாயங்காலம் போவது நல்லது; நாள் முழுக்க நின்ற கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். இரண்டு காலிலும் போட்டு நின்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட நீளமான விரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் வேண்டும். உங்களுக்கு நீளமானது கட்டைவிரலாக இல்லாமலும் இருக்கலாம். முன்பக்கம் அகலம் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். உள்ளே விரலைத் தூக்கினால் ஷூவின் மேல்பக்கம் இடிக்கக் கூடாது. குதிகால் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ‘போகப் போக லூஸாகிவிடும்’ என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். செருப்பு என்றால் பின்பட்டை உள்ளது, மேல்பட்டை சரியாக முட்டியின்மேல் வராதது.

அடுத்து பஞ்சு, பட்டை வகைகள். விரலில் மாட்டும் சிலிகான் உறை ஆணி உரசாமல் காக்கும். விரல்களுக்கு அடியில் வைக்கும் மெத்தைப் பட்டை நுனி தரையில் குத்துவதைக் குறைக்கும். பாதப் பந்துக்குச் சற்றுப் பின்னால் ஒட்டும் பேட் அந்த இடத்து வலியைக் குறைக்கும். விரலை நிமிர்த்தி டேப் போடும் முறையும் உண்டு. பிசியோதெரபிஸ்டிடம் ஒரு தடவை பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யுங்கள். இவை எல்லாம் போட்டிருக்கும்வரை உதவுபவை. கழற்றியதும் விரல் பழையபடி மடங்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் ‘முப்பது நாளில் விரல் நேராகும்’ என்று விற்கும் கருவிகளுக்குப் பணம் கொடுப்பதைவிட அந்தக் காசை நல்ல செருப்பில் போடலாம்.

பயிற்சிகள் எளிமையானவை. மடங்கிய விரலைக் கையால் மெதுவாக நீட்டி, நடு மூட்டைக் கீழே அழுத்தி, பத்து எண்ணும்வரை பிடிப்பது ஒன்று. தரையில் புளியங்கொட்டையோ சோழியோ கொட்டி, விரலால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடுவது இன்னொன்று. பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டால் போட்டியாகவே நடக்கும். துண்டை விரித்து விரலால் சுருட்டுவதும் பிரபலம். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. விரலை மடக்காமல் தரையில் நீட்டி வைத்தபடியே, பாதப் பந்தைக் குதிகாலை நோக்கி இழுத்து உள்ளங்காலைக் கொஞ்சம் தூக்குவது. பார்க்க ஒன்றும் நடக்காதது போலிருக்கும். ஆனால் தளர்ந்துபோன அந்தச் சின்னத் தசைகளுக்கு நேராகப் போகிற வேலை இது. துண்டைச் சுருட்டும்போது ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருக்கும் நீள நாணும் சேர்ந்தே வேலை செய்கிறது. கெண்டைக்கால் இறுக்கமாக இருப்பவர்கள் சுவரைப் பிடித்து நின்று அதையும் நீட்டிக்கொள்ளலாம். வலி அதிகமான நாளில் மாத்திரை தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்டுப் போடுங்கள். அல்சர், கிட்னி தொந்தரவு உள்ளவர்களுக்கு எல்லா வலி மாத்திரையும் ஆகாது.

மெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விரல் மடங்கி வீங்கியிருக்கும்போது மெட்டி இறுகிப் பிடிக்கும், பக்கத்து விரலில் உரசிப் புண்ணாக்கும். கழற்ற முடிகிறபோதே கழற்றி, கொஞ்சம் தளர்வாக அடித்து வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். தாலி மாதிரி மெட்டியையும் கழற்ற மாட்டேன் என்று வீம்பு பிடித்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்கும்படி ஆவது உண்டு.

இனி சர்க்கரை உள்ளவர்களுக்கு. இதுவரை சொன்ன வீட்டு வைத்தியத்தில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. கார்ன் கேப்பில் இருப்பது சாலிசிலிக் அமிலம். அது ஆணித் தோலையும் கரைக்கும், பக்கத்து நல்ல தோலையும் கரைக்கும். கால் மரத்துப்போயிருந்தால் எரிச்சல் தெரியாது. மூன்றாம் நாள் பட்டையைப் பிரிக்கும்போது புண்தான் இருக்கும். பிளேடும் எருக்கம்பாலும் இன்னும் மோசம். மடங்கிய விரலில் ஆபத்தான இடங்கள் இரண்டு: மேலே முட்டி, கீழே நுனி. நுனியில் காய்ப்புக்கு அடியில் புண் ஒளிந்திருக்கும், மேலே பார்க்க வெறும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அங்கே எலும்பு தோலுக்கு மிக அருகில் இருப்பதால் சீழ் சீக்கிரம் எலும்பைத் தொட்டுவிடும். விரலை எடுக்க வேண்டிய நிலைக்குப் போவது இப்படித்தான்.

வலி தெரியாத கால் எப்படிக் கெடுகிறது என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களை ஆராய்ந்தார். அவர்களின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாத இடத்தில் படும் அழுத்தமும் காயமும்தான் அவற்றைத் தின்கின்றன என்று நிறுவினார். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது உள்ளே மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த செருப்பு, தொழுநோயாளிகளின் காலைக் காக்கப் பயன்பட்ட அதே வகைதான்.

டாக்டர் ஒரு நைலான் இழையை 10 கிராம் அழுத்தம் வரும்படி உள்ளங்காலில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். தெரியவில்லை என்றால் காலுக்குக் காவல் குறைந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர்கள் தினமும் இரவில் விரல் இடுக்கு, நுனி, முட்டி மூன்றையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனால் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். மத்தியான வெயிலில் ஆடி வீதிக் கல் எப்படிச் சுடும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரத்த காலுக்கு அந்தச் சூடு தெரியாது, கொப்புளம்தான் தெரியும். சித்திரைத் திருவிழாவுக்கு வெறுங்காலோடு சுற்றுவதும், பழநிக்குப் பாதயாத்திரை போவதும் முதலில் டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு முடிவு செய்ய வேண்டியவை. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆபரேஷன் யாருக்கு? செருப்பு, பேட், பயிற்சி எல்லாம் பார்த்தும் வலி தீராதவர்களுக்கு. ஆணி புண்ணாகிக்கொண்டே இருப்பவர்களுக்கு. வலியே இல்லாமல், பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக மட்டும் கத்தி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விரல் இளக்கமாக இருந்தால் மடக்கும் நாணைச் சின்னத் துளை வழியாக வெட்டித் தளர்த்தலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு நுனிப் புண் ஆறவும் இது உதவுகிறது. சில சமயம் கீழ் நாணை மேலே கொண்டுவந்து தைப்பார்கள். மூட்டு இறுகியிருந்தால் அங்கே கொஞ்சம் எலும்பை எடுத்துவிட்டு விரலை நேராக்குவார்கள், அல்லது இரண்டு எலும்பையும் சேர்த்து ஒட்ட வைப்பார்கள். ஒட்டும்வரை விரல் நுனி வழியாக ஒரு கம்பி செருகி, நான்கு முதல் ஆறு வாரம் வைத்திருப்பார்கள். பனியன் இருந்தால் அதையும் சேர்த்துச் சரிசெய்தால்தான் விரல் திரும்ப மடங்காது.

பெரும்பாலும் பாதத்தை மட்டும் மரக்கச் செய்து செய்யலாம், அன்றே வீடு திரும்பவும் முடியும். ஆனால் ‘ஒரு நாள் வேலை’ என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வீக்கம் வடியச் சில மாதம் ஆகும். ஒட்ட வைத்த மூட்டு நேராக இருக்கும், மடங்காது. விரல் தரையைத் தொடாமல் மிதப்பது, கம்பி வழியாகச் சீழ் பிடிப்பது, திரும்ப மடங்குவது ஆகியவையும் சிலருக்கு நடக்கும். பைக்கிலேயே வேலை பார்ப்பவர்கள் கணக்குப் போட்டுத் தேதி வாங்குங்கள்: இடது கால் என்றால் கியர் போட முடியாது, வலது கால் என்றால் பிரேக். புகைப்பதை முன்னதாகவே நிறுத்தச் சொல்வார்கள், சர்க்கரையையும் காலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் பார்ப்பார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கறுப்பு ஷூவையும் பார்த்துவிடுங்கள். ‘அடுத்த வருஷத்துக்கும் வரட்டும்’ என்று ஜூனில் ஒரு அளவு பெரிதாக வாங்குவோம். முதல் வருஷம் நழுவாமல் இருக்க விரலால் கவ்வி நடக்கும், இரண்டாவது வருஷம் நெருக்கத்தில் மடக்கி நடக்கும். மூன்றாவது வருஷம் அது தம்பிக்குப் போகும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை, பிள்ளையை நிற்க வைத்து ஷூவின் முன்பக்கத்தைக் கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் போதும்.

நம் பக்கம் பாதத்துக்கென்றே தனி மருத்துவர்கள் அபூர்வம். எலும்பு மருத்துவரைப் பார்த்தால் போதும். மதுரையில் பெரியாஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் உள்ளவர்கள் அங்கங்கே உள்ள அரசு மருத்துவமனையில் முதலில் காட்டிக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். விரலில் புண், சிவப்பு, சூடு, சீழ், நிற மாற்றம் இதில் எது இருந்தாலும், அதுவும் சர்க்கரை உள்ளவர் என்றால், அன்றைக்கே போக வேண்டும். போகும்போது புதுச் செருப்பு போட வேண்டாம், தினமும் தேய்கிற பழசையே போட்டுக்கொண்டு போங்கள். கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டும், சாப்பிடும் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.